குடும்ப வருமானம் தெரிந்தால் அந்த வீட்டில் இருப்பவர்களின் நிலை தெரிந்துவிடுமா?

பாதிதான் தெரியும். சில ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் படிவத்தில் வருமானத்துக்குக் குடும்பத்துக்கு ஒரே கட்டம். யார் சம்பாதித்தாலும் அதில் சேர்ந்துவிடும். பிறகு அதைப் பிரிக்க வேண்டும். நான்கு பேர் இருந்தாலும் கூரை ஒன்றுதானே, அதனால் பல நாடுகளில் நேராகத் தலை எண்ணி வகுப்பதில்லை. ஐரோப்பாவில் வழங்கும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பு) அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, 14 வயது நிரம்பிய மற்றவர்களுக்கு ஆளுக்கு 0.5, சின்னப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 0.3; இவற்றைக் கூட்டி, வரும் எண்ணால் வருமானத்தை வகுப்பார்கள்.

சரி, கணவனுக்கு 150 வருமானம், மனைவிக்கு ஒன்றுமில்லை என்று வையுங்கள். 150-ஐ 1.5-ஆல் (1 + 0.5) வகுத்தால் ஆளுக்கு 100 என்று கணக்கில் வரும். இருவரும் சமம். நாளைக்கே பிரிந்து தனித்தனி வீடானால் அவருக்கு 150, அவளுக்குப் பூஜ்யம். யாருடைய சம்பளமும் மாறவில்லை, ஆனால் ஏற்றத்தாழ்வு கூடிவிட்டதாகப் புள்ளிவிவரம் சொல்லும். அது நேற்றே அந்த வீட்டுக்குள் இருந்திருக்கலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது நாமாக வைத்துக்கொண்ட அனுமானம்.

ஒரு வீட்டில் எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொன்னார். "அவளுக்கு வேண்டியதெல்லாம் வாங்கித் தர்றேன்" என்றார். கடைசியில் கையெழுத்துப் போட அந்த அம்மாவிடம் படிவத்தைக் கொடுத்தேன். கையை முழுக்க நீட்டி, காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். கணவர் உள்ளே போன நேரத்தில் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "கண்ணாடி கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு." அதை எழுத எங்கள் படிவத்தில் இடமே இல்லை.

பணம் எவ்வளவு என்பதோடு யார் கைக்குப் போகிறது என்பதும் சேர்ந்ததுதான் நலம். 1970-களின் கடைசியில் பிரிட்டனில், அதுவரை பெரும்பாலும் அப்பாவின் வரிச் சலுகையாக இருந்த பிள்ளைகளுக்கான உதவியை அம்மாவின் கையில் பணமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். லண்ட்பெர்க், போலக், வேல்ஸ் ஆகிய 3 பொருளாதார ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிட்டால் பெண்கள், பிள்ளைகளின் உடைச் செலவு அதன்பின் கூடியது தெரிந்தது.

ஆகவே வருமானக் கட்டத்தோடு நிறுத்தாமல், வீட்டில் உள்ள ஒவ்வொரு பெரியவரைப் பற்றியும் தனித்தனியே கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கெடுப்பில் இப்போது அப்படிச் சில கேள்விகள் இருக்கின்றன: உங்களுக்குச் சரியான இரண்டு ஜோடிச் செருப்போ ஷூவோ இருக்கிறதா, வாரத்தில் கொஞ்சமாவது உங்களுக்கென்று செலவழிக்க முடிகிறதா? எங்கள் படிவத்தில் இந்த இரண்டாவது கேள்வி இருந்து, அதை அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டிருந்தால், அவருடைய கண்ணாடியும் கணக்கில் வந்திருக்கும்.