வேகாத கல்

கேள்வி: ஐயா, தாத்தா காலத்து வீட்டுச் சுவரைச் சுண்ணாம்பிலேயே பூச ஆசை. பந்தல்குடிப் பக்கத்துக் கல் வாங்கி, கொல்லையில் சூளை போட்டு விடிய விடியச் சுட்டோம். தண்ணீர் தெளித்தால் மேலே பொரிந்து நீறாகிறது. நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கல் அப்படியே கிடக்கிறது. தீயை இன்னும் ஏற்றலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: ஏற்றாதீர்கள். கல்லை உடைத்துப் போடுங்கள்.

பனங்கிழங்கு மொத்தமாக வேகும், சுண்ணாம்புக்கல் அப்படி வேகாது. வெந்த ஓடும் வேகாத கல்லும் கோடு போட்டாற்போலப் பிரிந்து நிற்கும். அந்தக் கோடுதான் மெல்ல உள்ளே நகரும். 100 கிராம் தூய கல் முழுக்கச் சிதைந்தால் 44 கிராம் கரியமில வாயுவாகப் போய், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதற்குப் பிடிக்கும் வெப்பம் சுமார் 178 கிலோஜூல். அதை வைத்து அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இத்தனை வெப்பமும் நுண்துளை நிறைந்த ஓட்டைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும், வாயுவும் அதே வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் கல் இரட்டிப்புப் பருமனானால் நேரம் நான்கு மடங்கு வரைகூடப் போகும். கிளிஞ்சல் சீக்கிரம் வேகிறதே, மெலிசு என்பதால்தான்.

காற்றோட்டத்தையும் பாருங்கள். கல்லைச் சுற்றி கரியமில வாயு மட்டுமே தேங்கி நின்றால் 900 டிகிரியை ஒட்டி ஏறினால்தான் சிதையும். காற்று அதை இழுத்துக்கொண்டு போனால் அதற்குக் கீழேயே சிதையத் தொடங்கும். கண்டபடி தீயை ஏற்றினால் ஓட்டின் துளைகள் அடைபட்டு, தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று நீறாது. பூசிய பிறகு சாவகாசமாக நீறிச் சுவரில் கொப்புளம் கிளப்பும். (தினமும் மதுரைக் காளவாசலில் பஸ் மாறுகிற நமக்கு, அந்தப் பெயரிலேயே சூளை இருப்பது எங்கே நினைவில் நிற்கிறது!)

கேள்வி: சார், எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு இரும்புத் துருவைக் கரித்தூளோடு சூடாக்கி எடைக்குறைவை அளக்கிறேன். காந்தம் இழுக்கிறது. இரும்பு வந்துவிட்டது என்று எழுதலாமா?
– மதுரை மாணவர்

பதில்: அவசரப்படாதே தம்பி. சிவப்பு ஆக்சைடு நேராக இரும்பாகாது. 570 டிகிரிக்கு மேலே, முதலில் ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்த கறுப்பு ஆக்சைடான மேக்னடைட், பிறகு இன்னும் குறைந்த வுஸ்டைட், கடைசியில்தான் இரும்பு. மேக்னடைட்டையும் காந்தம் இழுக்கும்.

எடையும் ஏமாற்றும். 160 கிராம் ஆக்சைடில் 48 கிராம் ஆக்சிஜன். அது முழுக்கப் போனால் 30 சதவீதக் குறைவு. ஆனால் உன் குகையில் (சூடாக்கும் கிண்ணத்தில்) கரியும் அல்லவா கரைகிறது? துருவில் ஈரமும் இருக்கும். முதலில் துருவை மட்டும் சுட்டு எடை நிற்கும்வரை பார். போகும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கும். புகைபோக்கி ஓடாமல் உலையைத் திறக்காதே.

நானும் எடையால் ஏமாந்தவன். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ஆய்வகத்தில் சுட்ட சுண்ணாம்பின் எடை குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது. மாணவனைத் திட்டித் தீர்த்தேன். நான்காம் நாள் பார்த்தால், உலர்த்தும் ஜாடியில் ஈரத்தை உறிஞ்சவேண்டிய சிலிக்கா ஜெல் ஈரம் நிரம்பி, நீலம் போய் ரோஜா நிறத்தில் கிடக்கிறது. அதை மாற்றவேண்டிய ஆள் நான்தான்.

ஆறிய தூளில் ஒரு சிட்டிகையை மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் போடு. செம்பு நிறம் படிந்தால் இரும்பு என்று எழுது.