குறைந்த சோடியம் உப்பு யாருக்கு ஏற்றது?

கேள்வி: கணவருக்கு இரத்தக் கொதிப்பு. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பில் சமைக்கலாமா? – வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: சமைக்கலாம் சகோதரி, ஆனால் முதலில் அவருடைய சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்பதை இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்துவதால், மாத்திரை அட்டையையே மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025-இல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. குழம்பில் உப்பை மாற்றினால் மட்டும் போதாது. மாங்காய் ஊறுகாயையும், 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் சோடியம்வரை தென்னாப்பிரிக்கச் சட்டம் அனுமதிக்கும் ரொட்டியையும் அளவோடு பரிமாறுங்கள்.