நூறு வருஷ வெள்ளம் 2015-ல் வந்துவிட்டது, இனி பயமில்லையா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு தனி வீடு விலைக்கு வந்திருக்கிறது. 20 வருடக் கடனில் வாங்கலாம் என்று இருக்கிறோம். 2015-ல் அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதாம். "அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம், இனி உங்கள் பேரன் காலத்தில்தான். செம்பரம்பாக்கம் ஏரியையும் இப்போது பார்த்துத்தான் திறக்கிறார்கள்" என்கிறார் தரகர். நம்பலாமா?

பதில்: முதலில் செம்பரம்பாக்கம். அந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. உங்கள் பகுதிக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) வழியாக இறங்கும் தண்ணீர். செம்பரம்பாக்கத்தை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும் இந்த ஏரிகள் வழிவது நிற்காது.

அடுத்து அந்த நூறு வருஷக் கணக்கு. படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படி ஒரு வெள்ளம் வர சராசரியாக நூற்றில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான் அதன் பொருள். ஒருமுறை வந்துவிட்டதால் அந்த வாய்ப்பு குறைந்துவிடாது. உங்கள் கடன் முடியும் 20 வருடத்துக்குள் ஒருமுறையாவது வர 18 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. அபூர்வமான மழைதான். ஆனால் உங்கள் வாசலில் தண்ணீர் ஏற அவ்வளவு மழை தேவையா? ஏரிகள் நவம்பரிலேயே தளும்பி நின்றால் அதில் பாதிகூடப் போதுமானதாக இருக்கலாம். வீட்டுக்குள் தண்ணீர் வருவது 25 வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துப் பாருங்கள். அதே 20 வருடத்தில் வாய்ப்பு 56 சதவீதமாகிவிடும்.

இன்னொரு விஷயம், இந்த வாய்ப்பு எல்லா வருடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வருடங்களில் தென்மேற்குப் பருவமழை பொதுவாகப் பின்வாங்கும். நமக்கு நேர்மாறு. கீழைக்காற்று வலுத்து வடகிழக்குப் பருவமழை கூடுவதே அதிகம். சென்னையில் மழை கொட்டிய 1997, 2015, 2023 மூன்றும் எல் நினோ வருடங்கள்தான். ஆனால் 2021 லா நினா வருடம், அதாவது பசிபிக் கடல் குளிரும் வருடம், அந்த நவம்பரிலும் சென்னையில் 1,000 மி.மீ.க்கு மேல் பெய்தது. அதனால் "இந்த வருஷம் எல் நினோ இல்லையாம்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நல்ல மழையும் வறட்சியும் இப்படி மாறி மாறி வருவதுதான் வீடு வாங்குகிறவரை ஏமாற்றுகிறது. 2015-க்கு அடுத்த வருடமே தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. அந்த நாட்களில் அடையாற்றுக் கரையில் மனை பார்த்தவருக்கு வெள்ளம் பழங்கதையாகவே தெரிந்திருக்கும்.

புவி வெப்பமடைதலை ஏன் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். நெதர்லாந்தின் காலநிலை விஞ்ஞானி கெர்ட் யான் வான் ஓல்டன்போர்க்கும் அவருடைய குழுவினரும் அந்த டிசம்பர் மழையை ஆராய்ந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வெப்பமடைதலின் தடம் அந்த மழையில் தெரியவில்லை, காற்றிலுள்ள மாசுத் துகள்கள் அதை இதுவரை ஈடுகட்டி வந்திருக்கலாம் என்றார்கள். இதைப் படித்து ஆறுதல் அடையாதீர்கள். இயற்கையின் ஏற்றஇறக்கமே தாம்பரத்தை மூழ்கடிக்கப் போதுமாக இருந்தது என்று அர்த்தம். காற்று சுத்தமாகும்போது, அந்தத் துகள்கள் மறைத்து வைத்திருக்கும் சூடு வெளிப்படும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும்.

சரி, என்ன செய்யலாம்? கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் பதிவு) பாருங்கள். இணையத்திலும் பார்க்கலாம். சர்வே எண்ணைச் சுற்றி ஓடை, வாய்க்கால், ஏரி என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறது, உங்கள் தெரு அவற்றுக்கு மேட்டிலா பள்ளத்திலா என்று கவனியுங்கள். பட்டா கையில் இருப்பதால் மட்டும் தண்ணீர் தன் வழியை மாற்றிக்கொள்ளாது. அப்புறம், வீட்டின் தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் அது கொஞ்சம் ஏறியிருக்கும். வாங்குவது என்று முடிவானால் வெள்ளச் சேதத்தையும் ஈடுசெய்யும் வீட்டுக் காப்பீடு எடுங்கள், மீட்டர் பெட்டியைப் பழைய தண்ணீர்க் கறைக்கு மேலே மாற்றுங்கள். வயதானவர்கள் உடன் இருந்தால் மாடியில் படுக்கையறை இல்லாத வீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தண்ணீர் வந்ததா என்று கேட்டால் பாதிப் பேர் மழுப்புவார்கள். 2015, 2021, 2023 என்று வருடத்தைச் சொல்லி, எந்தப் படி வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள்.