லெஸ்டர் பியர்சன் – ஒரு கடிதம்

வணக்கம்,

எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதில் 1956-ல் வெடித்த சூயஸ் நெருக்கடி பற்றிய கட்டுரையில் கனடாவின் லெஸ்டர் பியர்சனைத் தூக்கிவைத்து எழுதியிருந்தீர்கள். இங்கே விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்; அதற்குமேல் எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன். அவர் யோசனையில் எகிப்துக்குப் போன ஐ.நா. படை, 1967-ல் எகிப்து அதிபர் நாசர் 'கிளம்புங்கள்' என்றதும் கிளம்பிவிட்டது. அடுத்த மாதமே இஸ்ரேலுடன் போர். இதற்கா அமைதிக்கான நோபல்? பிரதமராகவும் ஒருமுறைகூடப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அமெரிக்காவுக்குத் தலையாட்டியவர் என்கிறார்களே?

ர., மிசிசாகா

அன்புள்ள ர.,

படை கிளம்பியது உண்மை. அது உள்ளே போன கதையையும் பாருங்கள். 1956 அக்டோபர் 29-ல் இஸ்ரேல் சினாய்க்குள் நுழைந்தது; பின்னாலேயே பிரிட்டனும் பிரான்ஸும். அந்த இரண்டுக்கும் பாதுகாப்பு அவையில் வீட்டோ இருந்ததால் விவகாரம் பொது அவைக்கு வந்தது. அங்கே அமெரிக்காவின் போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு, அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த பியர்சன் ஓட்டுப் போடவில்லை. காரணம் சொல்ல எழுந்தவர், சண்டையை நிறுத்திவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பி என்ன பயன், எல்லையில் நிற்க ஒரு ஐ.நா. படை வேண்டும் என்றார். இரண்டே நாளில் அவர் தீர்மானம் 57 ஓட்டில் நிறைவேறியது. 19 நாடுகள் விலகி நின்றன, எதிர்த்து ஒன்றுகூட இல்லை.

அப்புறம்தான் வேடிக்கை. கனடா அனுப்பத் தயாராக்கிய படைப்பிரிவின் பெயர் 'குவீன்ஸ் ஓன் ரைஃபிள்ஸ்'. பிரிட்டிஷ் குண்டுகளை வாங்கிய எகிப்துக்கு, ராணி பெயரில், கிட்டத்தட்ட அதே சீருடையில், மூலையில் பிரிட்டனின் யூனியன் ஜாக் உள்ள கொடியோடு இன்னொரு படையா? நாசர் முடியாது என்றுவிட்டார். கனடா கடைசியில் சரக்கு, தகவல் தொடர்புப் பிரிவுகளை அனுப்பியது. பிரதமரானதும் பியர்சன் கொடியை மாற்றியே தீருவேன் என்று நின்றதில் இந்தச் சங்கடத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். இன்றைய மேப்பிள் இலைக் கொடி ஏறியது 1965-ல்.

எகிப்து சம்மதித்தால்தான் நிற்க முடியும் என்பது அந்தப் படையின் ஓட்டை. அதை அடைத்திருந்தால் படையே போயிருக்காது. இஸ்ரேலோ தன் பக்கம் அதை நிற்கவே விடவில்லை. அப்படியும் பத்தாண்டு அந்த எல்லையில் பெரிய போர் இல்லை. நோபலுக்கு இது போதாதா?

பெரும்பான்மை 1963, 1965 இரண்டு தேர்தலிலும் கிடைக்கவில்லைதான். ஆனால் அந்த ஐந்தாண்டில்தான் கனடா ஓய்வூதியத் திட்டமும், அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் சட்டமாயின. எந்த நாட்டவர் என்று பாராமல் படிப்பு, தொழில், மொழிக்கு மதிப்பெண் போடும் குடியேற்ற முறை 1967-ல் வந்ததும் அவர் ஆட்சியில்தான். உங்கள் வீட்டிலேயே அதில் தேறியவர் இருக்கலாம். மெடிகேரை அவர் நிதியமைச்சரே ஒரு வருடம் தள்ளிப்போட்டார். நாடாளுமன்றத்தில் இடதுசாரிப் புதிய ஜனநாயகக் கட்சியின் தயவு தேவைப்படாமல் இருந்திருந்தால் இன்னும் இழுத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

தலையாட்டினாரா? சரி, அதில் பாதி உண்மை. கனடாவின் ஏவுகணைகளில் பொருத்த அமெரிக்க அணுகுண்டு முனைகள் வேண்டாம் என்றிருந்தவர், 1963 ஜனவரியில் ஏற்கலாம் என்று மாறினார். ஆனால் 1965 ஏப்ரல் 2-ல் பிலடெல்பியாவிலேயே நின்று, வியட்நாமில் குண்டுவீச்சைக் கொஞ்ச காலம் நிறுத்திப் பாருங்கள் என்று பேசினார். மறுநாள் அமெரிக்க அதிபர் ஜான்சன், தன் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் அவர் சட்டையைப் பிடித்துக் கத்தினார். குண்டுவீச்சும் தொடர்ந்தது; கனடா அமெரிக்காவுக்கு ஆயுதம் விற்றதும் தொடர்ந்தது.