கிலோவாட்டை விடுங்க, முதல்ல குழாய்த் தண்ணியை அளங்க

தம்பி, உங்க கேள்வியைப் பார்த்தேன். இங்கிலாந்துல ரெடிங் ஊர்ல வாங்கின மூணு பெட்ரூம் வீடு, ரெண்டு பாத்ரூம். வீட்டையும் தண்ணியையும் சூடாக்கற பழைய கேஸ் பாய்லர் போயிடுச்சு. மாடியில சுடுதண்ணி தேக்கற செம்பு சிலிண்டர், பரண்ல தண்ணித் தொட்டி. வந்து பார்த்தவர் எல்லாத்தையும் கழட்டிட்டு 35 கிலோவாட் காம்பி பாய்லர் மாட்டிடலாம்னு சொல்றார். காவேரிப்பட்டணத்துல இருந்து அப்பா அம்மா ஆறு மாசம் வந்து இருக்கப் போறாங்க. என்ன போடலாம்னு கேட்டிருக்கீங்க.

அந்த 35 கிலோவாட், வீட்டைச் சூடாக்கறதுக்கு இல்ல. உங்க அளவு வீட்டுக்கு, ரூமைச் சூடாக்கற ரேடியேட்டர் வேலை பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள்ள முடிஞ்சுடும். ஊர்ல கீசர் 2 கிலோவாட்லயே ஓடுதுன்னா, அது தண்ணியைத் தேக்கி வெச்சு மெதுவா காய்ச்சறதால. காம்பியில தேக்கமே கிடையாது. குழாயைத் திறந்த நிமிஷம் ஓடற தண்ணியை ஓட்டத்துலயே சூடாக்கணும், அதுக்குத்தான் அவ்வளவு பவர்.

கணக்கு சுலபம். கிலோவாட்டை 14.3-ஆல பெருக்கி, எத்தனை டிகிரி ஏத்தணுமோ அதால வகுங்க. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு வந்துடும். ஜனவரியில இங்க குழாய்த் தண்ணி 6, 7 டிகிரியில வரும். 35 டிகிரி ஏத்தினா குளிக்கற பக்குவம். அப்போ 24 கிலோவாட் காம்பி 9.8 லிட்டர் தரும், 30 போட்டா 12.3, 35 போட்டா 14.3. ஒரு நல்ல ஷவருக்கே நிமிஷத்துக்கு 9, 10 லிட்டர் போயிடும். ஆக, 35 போட்டாலும் ரெண்டு பாத்ரூம்லயும் ஒரே நேரத்துல குளிக்க முடியாது. பத்து லிட்டருக்கும் பதினாலு லிட்டருக்கும் இருக்கற வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் காசு.

அதுவும் தெருவுல இருந்து அவ்வளவு தண்ணி வந்தாத்தான். காலையில ஏழரை மணிக்கு கிச்சன் பச்சைத் தண்ணிக் குழாயை முழுசா திறந்து, 10 லிட்டர் பக்கெட் எத்தனை செகண்டுல ரொம்புதுன்னு பாருங்க. 60 செகண்ட் ஆச்சுன்னா நிமிஷத்துக்கு 10 லிட்டர்தான், 35 கிலோவாட்டுக்கு அங்க வேலையே இல்ல. 30 செகண்டுக்குள்ள ரொம்பினா 20 லிட்டருக்கு மேல. வர்றவர்கிட்ட தண்ணி ஓடும்போது பிரஷர் எவ்வளவுன்னும் அளக்கச் சொல்லுங்க. குழாயை மூடி வெச்சு எடுக்கற அளவு எதுக்கும் உதவாது.

20 லிட்டரும் ஒன்றரை பார் பிரஷரும் வந்தா, உங்க வீட்டுக்கு நான் சொல்றது தனி சிலிண்டரைக் காய்ச்சற சிஸ்டம் பாய்லரும், தெருக் குழாய் (மெயின்ஸ்) பிரஷர்லயே ஓடற அன்வென்டட் சிலிண்டரும்தான். நாலு பேருக்கு 180-லிருந்து 210 லிட்டர். தண்ணி கம்மியா வந்தா பரண் தொட்டியைக் கழட்டவே விடாதீங்க. பழைய சிலிண்டரோடவே ஓடற ஹீட் ஒன்லி பாய்லரை மட்டும் மாத்துங்க, செலவும் கம்மி.

அப்பா அம்மா விஷயம் தனியா சொல்லணும். நம்ம பெரியவங்க பக்கெட்ல பிடிச்சு, சொம்புல மொண்டு குளிக்கறவங்க. குழாயை மூடி மூடித் திறப்பாங்க, நூல் மாதிரி திறந்து விடுவாங்க. காம்பிக்கு நிமிஷத்துக்கு சுமார் 2 லிட்டராவது ஓடினாத்தான் பத்திக்கும், அதுக்குக் கீழ பச்சைத் தண்ணிதான் வரும். ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் நடுவுல சில்லுனு கொஞ்சம் வந்துட்டு அப்புறம் சூடு வரும். சிலிண்டர்ல இந்தத் தொல்லை இல்ல. பாய்லர் நின்னு போனாலும் உள்ள இருக்கற, கரண்ட்ல ஓடற 3 கிலோவாட் இமர்ஷன் ஹீட்டர்ல குளிச்சுக்கலாம். ஆனா லெஜியோனெல்லா கிருமிக்காக சிலிண்டரை 60 டிகிரியில வைக்கணும், அது கையைச் சுட்டுடும். பாத்ரூம் குழாய்க்கு, பச்சைத் தண்ணி கலந்து சூட்டைக் குறைக்கற தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வு கேட்டு வாங்குங்க.

காம்பிதான்னு முடிவு பண்ணா 30 போதும். பம்ப் வெச்ச பழைய பவர் ஷவர் இருந்தா அதைக் கழட்டியாகணும், மெயின்ஸ்ல பம்ப் போட்டு இழுக்கக் கூடாது.

எங்க கெட்டுப்போகும்னு கேட்டீங்கன்னா, பாதி பைப்லதான். பழைய 15 மி.மீ. கேஸ் பைப் பெரிய காம்பிக்குப் பத்தாது, பெரும்பாலும் மீட்டர்ல இருந்து 22 மி.மீ. இழுக்கணும். கொட்டேஷன்ல அது இருக்கான்னு பாருங்க. பாய்லர்ல சேர்ற கழிவுத் தண்ணி போற கண்டன்சேட் பைப்பை வீட்டுக்குள்ள இருக்கற டிரெயின்லயே சேர்க்கச் சொல்லுங்க. வெளிய விட்டா பனியில உறைஞ்சு பாய்லர் லாக் ஆகிடும். வெளிய விட வேற வழியே இல்லைன்னா 32 மி.மீ., மேல இன்சுலேஷன். பரண் தொட்டியில ஓடின ரேடியேட்டர்களை ஒன்றரை பார்ல மூடின சிஸ்டமா மாத்தும்போது பழைய ஜாயின்ட்ல கசிவு காட்டும், மரத்தரைக்கு அடியில கசிஞ்சா சட்டுனு தெரியாது. முதல் வாரம் தினமும் பிரஷர் கேஜைப் பாருங்க. ரேடியேட்டர்ல தங்கியிருக்கற கருப்புச் சேறு புது பாய்லரோட ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைச்சுடும். கெமிக்கல் போட்டு அலசறது, ரிட்டர்ன் பைப்ல மேக்னட்டிக் ஃபில்டர், துருவைத் தடுக்கற இன்ஹிபிட்டர் மருந்து மூணும் கொட்டேஷன்ல எழுத்துல இருக்கணும்.

ரெடிங் தண்ணி உப்புத் தண்ணி (ஹார்ட் வாட்டர்). தர்மபுரி பக்கம் போர் தண்ணியில கீசர் காயில் வெள்ளையா பூத்துப் போறதைப் பார்த்திருப்பீங்க, அதே கதைதான் காம்பியில குழாய்த் தண்ணியைச் சூடாக்கற பிளேட் எக்ஸ்சேஞ்சர்லயும். காம்பியில குழாய்த் தண்ணி சூட்டை 48, 50-க்கு மேல ஏத்தாதீங்க, சூடு ஏற ஏற படிவும் ஏறும். அதுலயே ரேடியேட்டருக்குப் போற தண்ணியை 55, 60-ல வைங்க. திரும்பி வர்ற தண்ணி 55-க்குக் கீழ இருந்தாத்தான் புகையில போற சூட்டையும் பிடிக்கற கண்டன்சிங் பாய்லர் உண்மையிலேயே கேஸை மிச்சப்படுத்தும்.

இன்னொரு யோசனை. பின்னாடி, கேஸ் இல்லாம கரண்ட்ல வீட்டைச் சூடாக்கற ஹீட் பம்ப் போட நினைச்சா இங்கிலாந்து, வேல்ஸ்ல அரசு 7,500 பவுண்ட் மானியம் தருது, ஆனா அதுக்கு சிலிண்டர் இல்லாம ஆகாது. இன்னைக்குக் காம்பி போட்டு சிலிண்டர் இருக்கற அலமாரியைத் துணி அடுக்க விட்டா அப்புறம் இடத்துக்கு அல்லாடணும். இப்பவே சுருள் பெருசா இருக்கற ஹீட் பம்ப் சிலிண்டரா வாங்கிட்டா பாய்லருக்கும் ஓடும், பின்னாடியும் உதவும்.

ஆள் வந்ததும், கேஸ் வேலைக்குப் பதிவு பண்ணவங்க வெச்சிருக்கற கேஸ் சேஃப் கார்டைத் திருப்பிப் பாருங்க. எந்தெந்த வேலைக்குத் தகுதின்னு பின்பக்கம்தான் போட்டிருக்கும். அன்வென்டட் சிலிண்டருக்கு ஜி3 தகுதி தனியா வேணும். முடிச்சுட்டுப் போகும்போது பாய்லர் மாட்டின விவரத்தையும் சர்வீஸையும் பதியற பெஞ்ச்மார்க் தாள்ல கேஸ் பிரஷர், ஃப்ளூ (புகைக் குழாய்) அளவெல்லாம் எழுதி கையெழுத்து வாங்குங்க. பில்டிங் ரெகுலேஷன் சர்டிஃபிகேட் தபால்ல வரும், வீடு விக்கும்போது வக்கீல் கேட்பார். கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டணும், இங்கிலாந்துல 2022 அக்டோபர்ல இருந்து அது கட்டாயம். வாரண்டி பத்து வருஷம்னு சொன்னாலும் வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணி தாள்ல பதிஞ்சாத்தான் செல்லும்.