அடகுச் சீட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்

கேள்வி: நீட் தேர்வை இரண்டாம் முறையாக எழுதியும், 14 மதிப்பெண்ணில் எம்.பி.பி.எஸ். இடம் கைநழுவிவிட்டது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்காக அம்மா அடகு வைத்த சங்கிலியின் சீட்டு சாமி படத்துக்கு அடியில் இருக்கிறது. மாலையில் விளக்கேற்றும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. இயற்பியலில் 38 வினாக்களுக்கு விடையளித்தேன், 17 தவறு. பாட்டி பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையில் கிடந்த நாளிலிருந்து டாக்டராக வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆசிரியை சொன்னதால் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் விண்ணப்பித்திருக்கிறேன், கலந்தாய்வுக்குப் போக மனமில்லை. மூன்றாம் முறை எழுதட்டுமா? நான் எதற்கும் லாயக்கற்றவளோ என்று நினைத்து இரவெல்லாம் தூக்கமில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். தூக்கமின்மையும் ‘லாயக்கற்றவள்’ என்ற எண்ணமும் சேர்ந்து வரும்போது அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் 104 எண்ணையோ, மத்திய அரசின் டெலி மானஸ் சேவையான 14416 எண்ணையோ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலும், அந்த நொடியே அம்மாவை எழுப்புங்கள். எந்தக் கல்லூரி இடமும் உங்கள் உயிருக்கு ஈடாகாது.

இனி மூன்றாம் முறை பற்றி. 2022-இல் உச்ச வயது வரம்பு நீக்கப்பட்டுவிட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆகவே சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, இந்தக் கேள்வியைக் கேட்பது நீங்களா, சாமி படத்துக்கு அடியில் இருக்கும் அந்தச் சீட்டா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. சங்கிலியை மீட்பதற்காக எழுதும் தேர்வில் ஒவ்வொரு வினாவும் கடன்காரனைப் போல வந்து நிற்கும். தெரியாத வினாவை விட்டுவிட்டு நகரும் துணிவு அப்போது எவருக்கும் வராது.

நீங்கள் தந்த கணக்கும் அதையே காட்டுகிறது. 38 வினாக்களில் 17 தவறு என்றால் 21 சரி. வினாவுக்கு 4 வீதம் 84 மதிப்பெண். தவறுக்கு ஒன்று வீதம் 17 போய், கையில் நின்றது 67. தவறான விடைகளுக்காகக் கழிந்த மதிப்பெண், நீங்கள் இடத்தைத் தவறவிட்ட 14-ஐ விட அதிகம்! உங்களை மேலும் வருந்த வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் குறை இன்ன இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது என்பதற்காகச் சொல்கிறேன். ‘எதற்கும் லாயக்கற்றவள்’ என்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

தேர்வு முகமை வெளியிட்ட உங்கள் ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் விடைக் குறிப்பையும் எடுத்து, அந்தப் பதினேழையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊகித்துக் குறித்தவை எத்தனை, கணக்குத் தெரிந்தும் அவசரத்தில் தவறியவை எத்தனை, பாடமே புரியாதவை எத்தனை என்று பிரியுங்கள். முதல் இரண்டும் அதிகம் என்றால் மூன்றாம் முயற்சிக்கு நியாயம் இருக்கிறது. பாடம் புரியாததே அதிகம் என்றால், பிளஸ் ஒன் இயற்பியலை அடியிலிருந்து சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் கிடைத்த பிறகு யோசியுங்கள். அதே மையத்தில், அதே முறையில், இன்னொரு நகையை வைத்து இன்னோர் ஆண்டைக் கழிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நீங்கள் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தால் அது பொருந்தாது; பள்ளியைப் பற்றிய விவரம் கடிதத்தில் இல்லாததால் இதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் படிக்கலாம் என்று யாராவது வந்தால், திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வில் 300-க்கு 150 எடுத்தால்தான் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்றுச் செய்யும் காரியமில்லை அது.

நர்சிங் கலந்தாய்வுக்குக் கட்டாயம் போங்கள். ‘டாக்டர் கிடைக்காததால் நர்ஸ்’ என்று உறவினர்கள் பேசுவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். அந்தப் பேச்சு எனக்கும் எரிச்சலூட்டுகிறது. பக்கவாதத்தில் கிடப்பவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உடலைத் திருப்ப வேண்டும். விழுங்க முடிகிறதா என்று பார்த்த பின்னரே ஒரு கரண்டித் தண்ணீரும் கொடுக்க வேண்டும். உங்கள் பாட்டியின் கட்டிலருகே இரவு முழுவதும் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்காது என்றால், இடம் கிடைத்தும் மறுப்பதில் தவறில்லை. சேர்ந்துவிட்டு மீண்டும் நீட் எழுத நினைத்தால், பாதியில் விலகும்போது கட்டணமும் அசல் சான்றிதழும் என்னாகும் என்பதைச் சேருவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவிடம் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தச் சங்கிலியைப் பற்றி அவர் உங்களிடம் ஒரு சொல் கூடக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்பதெல்லாம் நீங்களே உங்களிடம்தான். சீட்டைச் சாமி படத்துக்கு அடியிலிருந்து எடுத்துப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். வட்டி கட்ட வேண்டிய தேதியை மட்டும் இருவருமாகக் காலண்டரில் குறித்துவையுங்கள்.