கேள்வி: திருகோணமலையில் ஏ.எல். எடுத்துவிட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டால், அந்த நாட்டுப் பிள்ளைகளைவிட வாய்ப்புக் குறைவா?

எந்த நாடு, என்ன பாடம் என்று நீங்கள் எழுதவில்லை தம்பி. கணிதமோ பயோவோ எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

'குறைவுதான்' என்று ஒரே அடியாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் உள்நாட்டுப் பிள்ளையிடம் வாங்கும் கட்டணத்துக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025இல் வருடத்துக்கு 9,535 பவுண். எங்களிடம் வாங்குவதற்கு அப்படி வரம்பு இல்லை. ஆகவே எங்களை எடுப்பது அவர்களுக்கு வருமானம்; பெறுபேறு இருந்தால் பெரும்பாலான பாடங்களுக்கு ஓஃபர் வரும். மருத்துவம் வேறு கதை: வெளிநாட்டாருக்கு ஒதுக்கிய கொஞ்ச இடத்துக்குத்தான் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அடிபடுகிறார்கள். கனடாவிலோ பெரும்பாலான மருத்துவ பீடங்கள் வெளிநாட்டு மாணவரை எடுப்பதேயில்லை.

அமெரிக்காவைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. என் மகள் கணிதப் பிரிவு. அங்கே ஒரு கல்லூரிக்குப் போட்டபோது 'நிதியுதவி வேண்டுமா' என்ற கேள்விக்கு ஆம் என்றாள். உடனே இன்னொரு படிவம் திறந்தது. அப்பாவின் சம்பளம், அம்மாவின் சம்பளம், வீட்டின் பெறுமதி, வருடத்துக்கு எவ்வளவு கட்டுவீர்கள், எல்லாம் டொலரில். என் சம்பளச் சீட்டை மேசையில் வைத்து அவளே மாற்றிப் பார்த்தாள். எங்கள் இருவரின் வருட வருமானம் அவர்களின் ஒரு தவணைக் கட்டணத்துக்கே காணாது. உள்ளதை உள்ளபடி எழுதினாள். கூட்டிப் போட்டிருக்கலாமே என்று சொந்தக்காரர் சொன்னார்கள். போட்டிருந்தால் வீசாவுக்கு எந்தப் பாங்க் புத்தகத்தைக் காட்டுவது?

இல்லை என்று பதில் வந்தது. காரணம் எழுதமாட்டார்கள், நானும் ஊகிக்கவில்லை. ஆனால் பொது நடைமுறை தெரிந்ததுதான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆமர்ஸ்ட் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்பதை அனுமதி முடிவில் பார்ப்பதில்லை. வேறு பல கல்லூரிகள் தங்கள் நாட்டுப் பிள்ளைக்குப் பார்க்காத அந்த விஷயத்தை எங்களுக்கு மட்டும் பார்க்கின்றன. நீங்கள் கேட்ட வித்தியாசம் இதுதான். கெட்டித்தனத்தில் இல்லை.

அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஓஃபர் வந்தது. கட்ட வழியில்லை. இப்போது பேராதனையில் பொறியியல் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள்.

இதை எழுதினால் கீழே யாராவது 'மாவட்டக் கோட்டாவில் போனவள்தானே' என்று எழுதுவார்கள். அவர்களுக்கு இப்போதே சொல்கிறேன். இலங்கையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. மகள் எந்தக் கணக்கில் போனாள் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, சொல்லவேண்டிய கடனும் இல்லை. அவள் உயர்தரம் படித்தபோது பௌதிகவியல் சேர் இடமாற்றத்தில் போய், பதிலுக்கு ஆள் வராமலேயே பல மாதம் ஓடியது. பெற்றோர் காசு சேர்த்து வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டோம். ரவுணுக்குள் எங்களுக்கே இப்படியென்றால் மூதூர், வெருகல் பக்கத்துப் பிள்ளைகளின் பாட்டைச் சொல்லவே வேண்டாம். ரியூசனுக்குப் பஸ் ஏறி வந்து, கடைசி பஸ்ஸுக்காகப் பாடம் முடியமுன் எழும்பிப் போகிற பிள்ளைகளை மகளின் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். கொழும்பில் தெருவுக்குத் தெரு வகுப்பு வைத்துக்கொண்டு எங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை (கம்பஸ் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியை) நக்கலடிக்கிறவர்கள் ஒரு தவணை இங்கே வந்து படித்துப் பார்க்கட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாடு, பாடம், வீட்டில் வருடத்துக்கு எவ்வளவு கட்டலாம், மூன்றையும் எழுதுங்கள். மகளிடம் கேட்டு, அவள் போட்ட படிவங்களில் என்னென்ன கேட்டார்கள் என்பதையும் சேர்த்து விபரமாக எழுதுகிறேன். உள்ளூர்க் கம்பஸ் விண்ணப்பத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாமல் விடாதீர்கள்.